மூன்றாவது துளை

பள்ளத்தூர் வீட்டில்
ஏழு புள்ளிக்கு ஏழு மீட்டர்.
ஆறில் அசைவில்லை.
ஏழாவதில் ஓடுகிறது உமையாள் ஆச்சியின் கம்ப்யூட்டர்.
வயது முப்பத்தொன்று. இந்த ஊரில் அதுவும் ஆச்சிதான்.

'தொட்டா சுருக்குங்குது, இன்னாசி.
ஆளைத் தூக்கலை,
சும்மா விடவும் மாட்டேங்குது.'

பெட்டியின் தகரத்தில் டெஸ்டரை வைத்தேன்.
மங்கலாய் எரிந்தது,
பாதி மனசாய்ச் சம்மதிப்பவன் முகம் போல.

சுவரில் இருப்பது ரெண்டு துளைப் பீங்கான்.
மூணு கம்பி பிளக்கை அதில் ஏற்ற
யாரோ மேல்கம்பியை
ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள்.
'எந்தப் புத்திசாலி?' என்றாள்.
நான் ஸ்க்ரூவைத் தேடினேன்.

நல்ல பிளக் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்.
கீழே ரெண்டும் ஒல்லி, ஒரே உயரம்.
ஒன்று கொண்டுவரும், ஒன்று திருப்பிக் கொண்டுபோகும்;
வரவு செலவு, அந்த மட்டில் நேர்.
மேலே உள்ளது தடி, கொஞ்சம் நீளம்.
போகும்போது முதலில் போய் நிற்கும்,
வரும்போது கடைசியில் வரும்.
மற்ற நாளெல்லாம் சும்மா இருக்கும்.
அதற்கு வேலை வந்தால்
அன்றைக்கு வீட்டில் ஏதோ சரியில்லை.

இந்த வீட்டில் எர்த்தே இல்லை.
சுவரைக் கொத்த முடியாது;
முட்டைச் சுண்ணாம்பில் உளி வழுக்குகிறது,
மனசும் வரவில்லை.
வயரை விட்டம் ஓரமாய்க் கொண்டுபோகலாம்.
குழி மட்டும் கிணற்றடியில்.
கிணற்றடி பொது.
பொது என்றால் ஏழு பேரும் சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூர் வைரவன்: எவ்வளவு ஆகும்?
ஈப்போ சாத்தப்பன்: படம் அனுப்பு.
ஒருவர் நாள் பார்த்தாயா என்றார்.
ரெண்டு பேர் கட்டைவிரலை அனுப்பினார்கள்.
தேனப்பனுக்கு ஆச்சி பேசவில்லை,
ஒரு தூண் விஷயமாய்ப் பதினோரு வருஷம் கேஸ்.
போனை என்னிடம் நீட்டினாள்.

சொன்னேன்.
அந்தப் பக்கம் டிவி மட்டும் கேட்டது.
பிறகு, 'எர்த்துக்குத்தானே?
மண்ணுக்கு என்னப்பா பங்கு. தோண்டு.'

கரியும் உப்பும் வாங்கப் போன பையன்
கானாடுகாத்தான் வரை போய்விட்டான்.
அதுவரை ஆச்சி பெட்டியைத் திறந்து
மெமரிப் பட்டையை உருவினாள்.
தங்கம் பூசிய பல்வரிசை.
பென்சில் ரப்பரால் தேய்த்தாள்.
ஞாபகத்தை ரப்பரால் தேய்த்தால்
துலங்கும் என்று அன்றுதான் கண்டேன்.

'வெட்டு ஏன் நட்டநடுவில் இல்லை?'
'நடுவில் இருந்தா
திருப்பிப் போட்டாலும் போயிரும்.
தள்ளி வச்சா, தப்பு உள்ளே இறங்காது.'

தப்பு இறங்காதபடி
யாரோ யோசித்து யோசித்து
ஒவ்வொரு துளையும் செய்திருக்கிறார்கள்.
ஊரில் பாதிப் பேர் அதில்
ரீஃபில்லைச் சொருகிக் கதவைத் திறக்கிறார்கள்.
நான் ரம்பத்தோடு போனவன்.

'அந்தக் கம்பியை அறுத்தது நான்தான், ஆச்சி.
போன மாசி. கரண்ட் மட்டும் வந்தாப் போதும்னு
உங்க வாட்ச்மேன் அவசரப்படுத்தினாரு.'

அவள் பதில் சொல்லவில்லை.
பட்டையை ஸ்லாட்டில் வைத்து
ரெண்டு முனையையும் அழுத்தினாள்.
டிக். டிக்.

எட்டடி. மூன்றாவது அடியிலேயே செம்பாறை.
கடப்பாரை முனை மழுங்கியது.
குழாயை நிறுத்தி, கரி ஒரு வரிசை, உப்பு ஒரு வரிசை,
மேலே நாலு குடம் தண்ணீர்.
மூணு துளை சாக்கெட்டைப் பலகையில் முடுக்கி
புது பிளக்கைச் செருகினேன்.
டெஸ்டர் எரியவில்லை.

'தொடுங்க. புறங்கையால்.'
தொட்டாள். 'ஒண்ணுமில்லையே.'
'ஒண்ணுமில்லை.'
அந்த ஒன்றுமில்லைக்கு ஏழாயிரம் பில்.

ஆளுக்கு ஆயிரம் என்று
ஐந்து பேர் அனுப்பினார்கள்.
ஈப்போவில் இன்னும் படத்தைப் பார்க்கிறார்கள்.
தேனப்பன் கணக்கிலிருந்து வந்தது
ஆயிரத்து ஒன்று.

மொய் எழுதும் கையா, அமுக்கியதில் பிசகா,
நான் கேட்கவில்லை.
ஆச்சியிடம் காட்டினேன்.
அந்த ஒரு ரூபாயை
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.